படிக்கப் போன பிள்ளை ஊர் வந்து திரும்ப வேண்டிய காகிதங்கள்

மான்குர்த்தில் முன்பெல்லாம் வெளிநாடு என்றால் துபாய், மஸ்கட், சவூதி என்றுதான் பொருள். வெல்டிங், பிட்டர், டிரைவர் வேலைக்குப் போவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியும் டேப் ரிக்கார்டருமாக வந்து இறங்குவார்கள். திரும்பிப் போவதற்கான காகிதங்களைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். இப்போது நிலைமை வேறு. மகாராஷ்டிரா நகர், லல்லுபாய் காம்பவுண்ட், சீத்தா கேம்ப் என்று நம்மவர் வாழும் பகுதிகளிலிருந்து பிள்ளைகள் படிப்பதற்காகவே அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று போகிறார்கள். இவர்களுடைய காகிதங்களைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி எதுவும் கிடையாது. பிள்ளைதான் பார்க்கவேண்டும், பிள்ளைக்குத் துணையாகப் பெற்றவர்களும் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியின் ஆவணப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தார் பாரங்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவது வாடிக்கையாகிவிட்டது. முதல்முறை போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய இருக்கிறது. செம்பூரிலும் தாதரிலும் தடுக்கி விழுந்தால் ஏஜென்சி. ஆனால் போன பிள்ளை ஓராண்டு கழித்து அக்காள் கல்யாணத்துக்கோ, கோயில் கொடைக்கோ, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றோ ஊருக்கு வந்து, விட்ட படிப்பைத் தொடரத் திரும்பிப் போகவேண்டுமே, அதற்கு என்ன வேண்டும் என்று சொல்பவர் குறைவு. ஏஜென்சிக்கு அதில் கமிஷன் இல்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

விசா முடிந்தால் கள்ளத்தனமாக இருக்கிறான் என்று பொருளா?

முதலில் ஒரு மனக்கசப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கட்டடத்தில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சியின் மூத்த மகன் அமெரிக்காவில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறான். தங்கை கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. “விசா முடிஞ்சிட்டுப்பா, வந்தா திரும்ப முடியுமான்னு தெரியல” என்று போனில் சொன்னானாம். அந்த அம்மாள் என்னிடம் வந்து, “விசா முடிஞ்ச பெறவு அங்க எப்படி அண்ணே இருக்கான்? போலீஸ் பிடிக்காதா? இல்ல, வர மனசில்லாம சாக்குச் சொல்லுதானா?” என்று கண் கலங்கினார். இரண்டுமே இல்லை என்று விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

சினிமாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். விசா என்பது வாசலில் காட்டுகிற டிக்கெட். உள்ளே விட்ட பிறகு, படம் முடியும்வரை உட்கார்ந்திருக்க அந்த டிக்கெட்டை யாரும் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. அமெரிக்காவில் உள்ளே இருக்கும் அனுமதியைக் காட்டுவது ஐ-94 என்னும் வருகைப் பதிவு. மாணவர்களுக்கு அதில் முடிவுத் தேதிக்குப் பதிலாக ‘டி/எஸ்’ என்று போடுவது நீண்டகால வழக்கம். ஒழுங்காகப் படிக்கும்வரை இருக்கலாம் என்பது அதன் பொருள். (இதை மாற்றி, அதிகபட்சம் நான்கு ஆண்டுகள் என்று தேதி குறிக்கும் விதியொன்றை அந்நாட்டு அரசு 2025 ஆகஸ்டில் முன்மொழிந்தது. ஆகவே ஒவ்வொரு முறை நுழைந்ததும் தன் ஐ-94-இல் என்ன போட்டிருக்கிறது என்று பிள்ளை பார்த்துக்கொள்வது நல்லது.) இந்தியர்களுக்கு எஃப்-1 மாணவர் விசா வழக்கமாக ஐந்தாண்டுக்குத் தரப்படுகிறது. முதுகலை முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்தவனுக்கு ஆறாவது ஆண்டில் விசா முடிந்துபோயிருக்கும். அவன் இருப்பு மட்டும் சட்டப்படி சரியாகவே இருக்கும். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டால் மறுபடி டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகவேண்டும். அந்தப் பையனின் தயக்கம் அதுதான்.

அதுவும் இப்போது புது டிக்கெட் வாங்குவது முன்போல் சுலபமில்லை. சில ஆண்டுகள், பழைய விசா வைத்திருந்தவர்களில் பலர் நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். 2025 செப்டம்பர் 2 முதல் மாணவர் உட்படப் பெரும்பாலோருக்கு நேர்காணலைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதே மாதத்தில், அவரவர் சொந்த நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். சிங்கப்பூர், பாங்காக் போய் அடித்துக்கொண்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2025 மே கடைசியில் மாணவர்களுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்திருந்து, ஜூனில் மறுபடி தொடங்கினார்கள். அப்போது சேர்ந்த நிபந்தனை, சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவேண்டும் என்பது. படிப்பு முடிந்து எச்-1பி விசாவில் வேலைக்கு மாறியவர்களுக்கும் 2025 டிசம்பரில் இதே நிபந்தனை வந்தது. விடுமுறைக்கு இந்தியா வந்திருந்த பலருடைய நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. பத்து நாள் லீவில் வந்தவர்கள் மார்ச், ஏப்ரல் என்று தேதி வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டில் உட்கார்ந்து இரவில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. கல்யாணத் தேதி குறிக்குமுன் பிள்ளையிடம் இரண்டு தேதிகளைக் கேளுங்கள்: பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, விசா எப்போது முடிகிறது. ஜோசியர் கொடுக்கும் மூன்று முகூர்த்தங்களில் எதை எடுப்பது என்பதை இந்த இரண்டு தேதிகளும் சொல்லிவிடும். அந்த அண்ணாச்சி வீட்டில் இதை முன்கூட்டியே கேட்டிருந்தால், விசா இருந்த காலத்திலேயே கல்யாணத்தை வைத்திருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தேதி கொடுத்திருந்தார்களாம்.

ஐ-20இன் இரண்டாம் பக்கம்

விசா உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது மட்டும் போதாது. அமெரிக்கக் கல்லூரி கொடுக்கும் ஐ-20 என்ற படிவம்தான் மாணவனுக்கு ஆதார். அதன் இரண்டாம் பக்கத்தில் பயண ஒப்புதல் என்று ஓர் இடம் உண்டு. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி அங்கே கையொப்பமிட வேண்டும். படித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தக் கையொப்பம் ஓராண்டு செல்லும். படிப்பு முடிந்து ஓபிடி என்னும் பயிற்சி வேலையில் இருப்பவனுக்கு ஆறு மாதம்தான். கணக்கு பார்க்க வேண்டியது புறப்படும் நாளை வைத்து அல்ல, திரும்ப நுழையும் நாளை வைத்து. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: “போகும்போது செல்லுபடியாகத்தானே இருந்தது” என்பார்கள்.

கையொப்பம் இல்லாமல் போய்விட்டால்? விமானக் கம்பெனிக்காரர் சகார் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடலாம். ஏற்றிவிட்டாலும் அங்கே குடிநுழைவு அதிகாரி தனி அறைக்கு அழைத்துப் போகலாம். மற்றதெல்லாம் சரியாக இருந்தால், ஐ-515ஏ என்ற தாளைக் கொடுத்து, முப்பது நாளுக்குள் சரியான காகிதத்தை அனுப்பு என்று தற்காலிகமாக உள்ளே விடுவதும் உண்டு. அது அதிகாரியின் விருப்பம். அதை நம்பிப் புறப்படக்கூடாது.

ஒரு நல்ல மாறுதல், கொரோனா காலத்துக்குப் பிறகு இந்த ஐ-20ஐக் கல்லூரிகள் மின்னஞ்சலில், மின்கையொப்பத்துடன் அனுப்ப அனுமதி இருக்கிறது. முன்பு கூரியரில் வர ஒரு வாரம் காத்திருப்பார்கள். இப்போது ஊருக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தாலும் எழுதிக் கேட்டு, இங்கே நல்ல தாளில் அச்செடுத்து, பிள்ளையும் கையொப்பமிட்டு எடுத்துப் போகலாம். ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே அலுவலகம் பூட்டிக் கிடக்கும் என்பதை மறக்கவேண்டாம். நம் பிள்ளைகள் அதிகம் வருவதும் அந்த வாரத்தில்தான்.

இது வெறும் அலுவலக விவகாரம் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரா நகரில் எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சனிக்கிழமை ராத்திரி. பெண் அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு முதுகலை. அவள் தாய்மாமன் என்னிடம் ஓடிவந்தார், “மாமா, புள்ள உடனே வரலாமா?” என்று. போனில் அந்தப் பெண்ணை ஐ-20ஐ எடுக்கச் சொன்னேன். விசாவில் இன்னும் மூன்றரை ஆண்டு இருந்தது. பயண ஒப்புதல் பகுதி வெறுமையாக இருந்தது; அங்கே போனதிலிருந்து அவள் ஊர் வந்ததே இல்லை. “நீ டிக்கெட்டை எடும்மா, கிளம்பு, போகிற வழியிலேயே உன் கல்லூரி அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுது, திங்கட்கிழமை அவர்கள் அனுப்புவார்கள்” என்றேன். ஊருக்கு வருவதற்கு அந்தக் கையொப்பம் தேவையில்லை, திரும்புவதற்குத்தான் தேவை என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை, தோழிகளும் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஞாயிறு புறப்பட்டாள். செவ்வாய் அதிகாலை வந்து சேர்ந்தாள். தகப்பனார் வியாழக்கிழமை காலமானார். அந்த இரண்டு நாளும் பக்கத்திலேயே இருந்தாள். அவர் அவளிடம் பேசினார். காரியங்கள் முடிந்து மூன்றாம் வாரம், அச்செடுத்த ஐ-20உடன் திரும்பினாள். குடிநுழைவில் அதைத் திருப்பிப் பார்த்து முத்திரை குத்தி விட்டார்களாம். படிப்பை முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள்.

திரும்பும் நாளில் கைப்பையில் இருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா, ஐ-20, செவிஸ் கட்டண ரசீது (இது 350 டாலர், அதே படிப்பு தொடர்கிற வரையில் மறுபடி கட்டவேண்டியதில்லை), மதிப்பெண் பட்டியல், அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்த சான்று, பணவசதிக்கு வங்கிக் கடனின் கடிதம் அல்லது உதவித்தொகைக் கடிதம். ஓபிடியில் இருப்பவன் வேலை அனுமதி அட்டையையும் வேலை கொடுத்தவரின் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றைப் பெட்டிக்குள் ஊறுகாய், பொடி வகைகளோடு போட்டு அனுப்பிவைக்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டி வருவது குடிநுழைவைத் தாண்டிய பிறகு. கைப்பையில்தான் வைக்கவேண்டும்.

இன்னொன்று ஐந்து மாதக் கணக்கு. படிப்பை இடையில் நிறுத்தி ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் பழைய ஐ-20 செல்லாது. புது ஐ-20, புதுக் கட்டணம் என்று முதலிலிருந்து தொடங்க நேரும். பிரசவம், நீண்ட வைத்தியம், குடும்ப நெருக்கடி என்று ஒரு பருவம் விட்டுவிட எண்ணுகிறவர்கள் கிளம்புமுன் கல்லூரியில் பேசிவிட்டுக் கிளம்பவேண்டும்.

மற்ற நாடுகள்

கனடாவில் ‘ஸ்டடி பெர்மிட்’ வேறு, விசா வேறு. இது தெரியாமல் தவிப்பவர்கள் ஏராளம். பெர்மிட்டை அங்கிருந்தபடியே நீட்டித்திருப்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா அதற்கு முன்பே முடிந்திருக்கும். கையில் புத்தம்புது பெர்மிட் இருக்கிறதே என்று ஊர் வந்தால், விசா இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். விசாவையும் அங்கிருந்தே புதுப்பித்துக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம். 2024 நவம்பர் 8 முதல் கல்லூரி மாறினாலும் புது பெர்மிட் வாங்கவேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். பழைய கல்லூரிப் பெயர் போட்ட பெர்மிட்டோடு வந்து திரும்புவது வம்பு.

இங்கிலாந்தில் காகிதமே ஒழிந்துவிட்டது. முன்பு கொடுத்த அடையாள அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு காலாவதியாயின, எல்லாம் மின்விசா. கையில் காட்ட ஒன்றுமில்லையே என்று பெற்றோர் பதறவேண்டாம். பிள்ளையின் இணையக் கணக்கில் இப்போதைய பாஸ்போர்ட் எண் இருக்கிறதா என்பதே முக்கியம். இங்கே வந்து பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, அந்தக் கணக்கில் புது எண்ணை ஏற்றாமல் விமான நிலையம் போனால், கம்ப்யூட்டரில் ஆளே இல்லை என்பார்கள். ஆஸ்திரேலியாவும் இப்படித்தான்.

ஜெர்மனியில் குடியிருப்பு அட்டை வேண்டும். அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்தில் ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். அதன் பெயர் வாயில் நுழையாது: ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங். அதில் சட்டப்பிரிவு 81, உட்பிரிவு 4 என்ற இடத்தில் குறியிட்டிருந்தால் ஊர் வந்து திரும்பலாம். உட்பிரிவு 3-இன் முதல் வாக்கியம் என்று குறியிட்டிருந்தால் திரும்ப நுழைய அது உதவாது. ஒரு சின்னக் குறி, ஆனால் பெரிய வித்தியாசம். ஆறு மாதத்துக்கு மேல் அந்நாட்டுக்கு வெளியே இருந்தால் குடியிருப்பு அனுமதியே பொதுவாக ரத்தாகிவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

வழி மாறும் நகரத்தையும் பார்க்கவேண்டும். டிக்கெட் ஐயாயிரம் ரூபாய் குறைவு என்று ஐரோப்பிய நகரம் வழியாக எடுப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சில விமான நிலையங்களில் இடைத்தங்கல் விசா கேட்பார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் விலக்கு. முடிந்துபோன விசாவோடு ஊர் வருகிறவனுக்கு அந்த விலக்குக் கிடைக்காமல் போகலாம். நேர் விமானமோ வளைகுடா வழியோ தலைவலி குறைவு.

நம்முடைய பெயர்த் தொல்லை

இனி, தமிழர்களுக்கே உரிய சங்கதிக்கு வருகிறேன். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். மகாராஷ்டிரப் பள்ளியிலோ குடும்பப் பெயரை முதலில் கேட்பார்கள். சேர்க்கிற அன்று வாசலில் நின்ற மாமா நாடார் என்றோ, தேவேந்திரர் என்றோ, கோனார் என்றோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தாளில் அதுவே தலைப்பெயராக அச்சாகிவிடும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கப்படி பிள்ளை பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். அந்தப் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் மட்டும் இருக்கும், குழந்தை பெயர்க் கட்டம் காலி. ஆதாரில் மூன்றாவது விதம். பாஸ்போர்ட்டில் முதலெழுத்து ஏற்கமாட்டார்கள், விரித்து எழுதவேண்டும். எனவே அது நான்காவது விதம். ஒரே பிள்ளை, நாலு பெயர்!

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்தில் எழுதினால் அமெரிக்க விசாவில் அந்த முழுப் பெயரும் குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ என்று விழும். முதல் பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம் அது. அதன் பிறகு அங்கே வங்கி, ஓட்டுநர் உரிமம், வேலை அனுமதி அட்டை எல்லாவற்றிலும் அந்த எஃப்.என்.யூ ஒட்டிக்கொள்ளும். அண்டை வீட்டுப் பையன் ஒருவனை அவன் பேராசிரியர் ஒரு பருவம் முழுக்க ‘ஃப்னூ’ என்றே அழைத்தாராம். சிரிக்கலாம், சம்பளக் காசோலையில் பெயர் ஒத்துவராதபோது சிரிப்பு வராது.

இதைச் சரிசெய்யும் நேரம் முதல் பாஸ்போர்ட் எடுக்குமுன்தான். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது நம்மவருக்குப் பொருந்துகிற வழி. மதிப்பெண் தாளோடு அது முரண்பட்டால், சர்னி ரோட்டிலுள்ள அரசு அச்சகம் வெளியிடும் மகாராஷ்டிர அரசிதழில் பெயர் மாற்றத்தை அறிவித்து, அந்தப் பக்கத்தின் பிரதிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் பெயரைத் திருத்தப் போனால் பாஸ்போர்ட், விசா, கல்லூரிப் பதிவு மூன்றையும் ஒன்றோடொன்று மறுபடி பொருத்த வேண்டிவரும். அவசரமில்லாவிட்டால் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முகவரித் தொல்லையும் உண்டு. ரயில் பாதையோரத்துக் குடிசைகளை அகற்றியபோது 2000-த்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் லல்லுபாய் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. ரேஷன் கார்டில் பழைய ஜோப்படி முகவரி, மின்கட்டண ரசீதில் கட்டட எண், ஆதாரில் இரண்டும் கலந்த ஒன்று. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது காவல் நிலைய விசாரணைக்கு இது இடறும். மகன் வந்து இறங்கும் மூன்று வாரத்தில் இதைத் திருத்த முடியாது. அவன் வருமுன் பெற்றோரே ஆதார் முகவரியைத் தங்கள் பங்குக்குச் சரிசெய்து, ஒரே மாதிரி எழுத்துக்கூட்டலில் வைத்துவிட வேண்டும். பிள்ளை அங்கேயே இந்தியத் தூதரகத்தின் மூலம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது இன்னும் மேல்.

பதினேழு வயதில் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குச் சாதாரணமாகத் தரும் பாஸ்போர்ட் ஐந்தாண்டு அல்லது பதினெட்டு வயது நிறையும்வரை, இதில் எது முந்தியோ அதுவரைதான். ஆனால் பதினைந்து வயது கடந்தவர்கள் பத்தாண்டுப் பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம். கட்டணம் 1500 ரூபாய். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், முதல் பருவத்திலேயே பாஸ்போர்ட் காலாவதியாக வேண்டாம்.

பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். புதியது கொடுக்கும்போது பழையதன் மூலையை வெட்டி ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதிலுள்ள அமெரிக்க விசா சேதமடையாமலும் தேதி முடியாமலும் இருந்தால் செல்லும். இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போனால் போதும். பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டு அழுத கதை நம் பேட்டையிலேயே இருக்கிறது.

அப்போஸ்டில் என்ற முத்திரை

பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் இவற்றை வெளிநாட்டில் செல்லத்தக்கதாக்கும் முத்திரை இது. இந்தியா இந்த உடன்படிக்கையில் 2005 ஜூலை 14 முதல் இருக்கிறது. கனடா 2024 ஜனவரி 11இல்தான் சேர்ந்தது. முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். அமைச்சகம் நேரில் வாங்குவதில்லை, நியமித்த முகவர் நிறுவனங்கள் வழியாகத்தான். முத்திரைக்கான அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு வெறும் 50 ரூபாய். அதன்மேல் முகவருக்குரிய சிறு சேவைக் கட்டணம். தெருமுனை ஏஜெண்டுகள் ஆயிரக்கணக்கில் கேட்கும்போது இந்த ஐம்பது ரூபாயை ஞாபகப்படுத்திப் பேரம் பேசுங்கள். சான்றிதழ் எந்த மாநிலத்தில் கொடுக்கப்பட்டதோ அந்த மாநிலம்தான் சரிபார்க்கும். திருநெல்வேலிப் பிறப்புச் சான்றிதழுக்கு மந்திராலயத்தில் வரிசையில் நின்று பயனில்லை. படிப்பவன் எல்லாருக்கும் இது தேவைப்படாது. கல்லூரியோ தூதரகமோ கேட்டால் மட்டும் செய்யலாம்.

நேர்காணல் நாள் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011 நவம்பர் முதல் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது. அதற்கு முன் பிரீச் கேண்டியில், விடியுமுன்பே வரிசை. இப்போது நமக்கு ஹார்பர் வண்டியில் குர்லா, அங்கிருந்து பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. கைரேகை எடுப்பது ஒருநாள், நேர்காணல் இன்னொரு நாள் என்பதால் இரண்டு நாள் ஒதுக்கவேண்டும். கைபேசியும் பையும் உள்ளே விடமாட்டார்கள். துணைக்குப் போகிறவர் வெளியே வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புதுப்பிக்கப் போகிறவனிடம் அதிகாரி கேட்பது பெரும்பாலும் படிப்பைப் பற்றி: மதிப்பெண் எப்படி, ஏன் இவ்வளவு காலம், முடிய இன்னும் எத்தனை பருவம். இதற்கு மனப்பாடம் தேவையில்லை. விண்ணப்பத்தில் ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைத்தளப் பெயர்களைக் கேட்பார்கள். ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்வதால் வரும் கேடு, உள்ளதைச் சொல்வதால் வருவதில்லை.

கடைசியாக வீட்டில் ஒரு கோப்பு. பிள்ளை புறப்படுமுன் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, ஐ-20 அல்லது அந்தந்த நாட்டுப் படிவம், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துத் தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, கடன் கொடுத்த வங்கியின் கடிதம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பீரோவில் நகைக்குக் கீழே வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தால் சட்டென்று எடுக்கிற இடத்தில் வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் அது ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் தொங்கும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. பேத்தி மாண்ட்ரியலில் இருக்கிறாள். அவளுடைய கனடா விசா அடுத்த பொங்கலுக்குள் முடிகிறது, புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறாள்.